புதுப்பிப்பு: நடைப்பயணப் பைக்கு எந்தக் கத்தி? முடிவு செய்துவிட்டேன்

பல நாள் மலை நடைக்கு மடக்குக் கத்தி போதுமா, உறைக்கத்தியும் சிறு கோடரியும் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோடரி வேண்டாம். சமைப்பது கேஸ் அடுப்பில்தான், பிளக்க விறகே கிடையாது. குளிரில் விறகுத் தீயை நம்பிப் போகிறவர்களுக்குக் கெட்டியான உறைக்கத்தி கட்டாயம் வேண்டும்; என் நடை அப்படியில்லை.

எடுத்துக்கொண்டது ஓப்பினல் 8 என்ற மரப்பிடி மடக்குக் கத்தி. அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 45 கிராம். மெல்லிய அலகு, அதனால் காய் நறுக்கும்போது பிளக்காமல் சீராக இறங்குகிறது. கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காது. மழையில் மரப்பிடி ஊறி உப்பினால் திறக்க அடம்பிடிக்கும். அப்போது பிடியின் பின்முனையைக் கட்டையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும். கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம்தான், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். அதனால் துருப்பிடிக்காத வகையையே வாங்கினேன்.

அப்புறம், 21 கிராம் விக்டோரினாக்ஸ் கிளாசிக் என்ற குட்டிப் பல்பயன் மடக்குக் கத்தி. அதிலிருக்கும் குட்டிக் கத்தரிக்கோலுக்காகவே அது. காலில் கொப்புளம் வந்தால் பிளாஸ்திரியின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். காலுறை உரசினாலும் சீக்கிரம் உரியாது. கத்தியால் அதை ஒழுங்காகச் செய்யவே முடியாது.

விமானத்தில் போகிறவர்கள் இரண்டையும் செக்-இன் பையில் போட்டுவிடுங்கள்.