‘இன்கார்னடைன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சியை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சொல்லில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வரும் மாக்பெத், கடல் தெய்வமான நெப்டியூனின் கடல் முழுவதும் திரண்டாலும் என் கையிலுள்ள இரத்தத்தைக் கழுவுமா என்று கேட்கிறான். கழுவாது, இந்தக் கைதான் கடல்களை எல்லாம் ‘இன்கார்னடைன்’ செய்யும் என்கிறான். தசையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்த சொல் இது. முதலில் தசையின் இளஞ்சிவப்பைக் குறித்த வெறும் நிறப்பெயர். ஷேக்ஸ்பியர் அதை வினையாக்கினார். இந்த வரிக்குப் பிறகுதான் அதற்கு இரத்தச் சிவப்பு என்ற பொருளும் ஏறியது.

பொருள் புரிகிறது, ஓசைதான் சிக்கல். ‘மல்டிடியூடினஸ்’ (எண்ணற்ற), ‘இன்கார்னடைன்’ என்று இரண்டு நீண்ட சொற்கள் அலைபோல் உருண்டு வருகின்றன. உடனே அடுத்த வரியில், பச்சைக் கடலைச் சிவப்பாக்கிவிடும் என்று சொல்ல, பச்சை, சிவப்பு என்று குட்டிச் சொற்கள். பெரிய சொல்லைச் சின்னச் சொல் விளக்கிவிடுகிறது. என்ன அழகு!

‘சிவப்பாக்கும்’ என்றால் அடுத்த வரிக்குச் சொல் மிஞ்சாது. ‘செந்நிறமாக்கும்’ சப்பென்று இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டில் போர்க்களம் குருதியால் சிவப்பதைச் சொல்லும் ‘செங்களம் பட’ நினைவுக்கு வந்தது. அதை வைத்து ‘செங்கடல் படுத்தும்’ என்று எழுதினேன். ஆனால் செங்கடல் என்றதும் அரேபியா பக்கத்துக் கடல்தானே மனதில் வரும்?

நீளமும் கனமும் உள்ள, அரிதான ஒரு தமிழ் வினைச்சொல் யாருக்காவது தோன்றுகிறதா? மேடையில் நடிகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வரி, அதனால் வடசொல்லாக இருந்தாலும் பரவாயில்லை.