ஹவாசுபாய் நடை: விடுதி முடிவாகிவிட்டது (புதுப்பிப்பு)

அமெரிக்காவின் அரிசோனாவில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஹவாசுபாய் பழங்குடியினரின் சுபாய் கிராமத்துக்குக் குழுவாக நடந்து போவது பற்றி முன்பு எழுதி, விடுதியா கூடாரமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடுதிதான். கூடாரத் திடல் கிராமத்தைத் தாண்டி இன்னும் 3 கி.மீ. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் தூரம் வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

நடைபாதை தொடங்கும் மேட்டுப் பகுதியான ஹுவாலபாய் ஹில்டாப்பிலிருந்து கிராமம் சுமார் 13 கி.மீ. தொடக்கத்திலேயே சுமார் 300 மீட்டர் செங்குத்தான இறக்கம், அப்புறம் பெரும்பாலும் சமதளம். எனக்குக் கவலை திரும்பும் நாள்தான். களைத்த கால்களோடு கடைசியில் அதே 300 மீட்டரை ஏற வேண்டும். வழியில் குடிநீர் கிடையாது. அதனால் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், விடியும் முன்பே புறப்பாடு. இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிலர் ஜூலையில் போகலாம் என்றார்கள். வெயில் மட்டுமல்ல, அது மழைக்காலமும்கூட. எங்கோ பெய்த மழை பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வரும். ஆகவே வசந்த காலம்.

ஹவாசு அருவிக்கு எல்லோரும் போகிறோம். மூனி அருவியின் அடிவாரத்துக்கு ஈரப் பாறையில் சங்கிலியும் ஏணியும் பிடித்து இறங்க வேண்டும். விரும்புபவர்கள் மட்டும் போகட்டும், யாரையும் வற்புறுத்த வேண்டாம். இது ஹவாசுபாய் மக்களின் ஊர். மதுவுக்கு அங்கே தடை, யாரும் கொண்டுவராதீர்கள்.

சுமைக்குக் கோவேறு கழுதை வேண்டுமா என்பது மட்டும் பாக்கி. இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.