மறு: உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேனில் கறுப்பாகத் தெரிவதற்கு என்ன சொல்?

வணக்கம் ஐயா,

> ‘மீளொலி குன்றிய திட்டு’ என்றே போடுங்கள். திரும்பி வரும் ஒலிதானே மீளொலி.

சொல் அழகுதான். ஆனால் ஷோகிரன் நோய் (வாயும் கண்ணும் வறளும் நோய்) பற்றிய நம் துண்டறிக்கையின் முதல் வரியிலேயே அல்ட்ராசவுண்டுக்கு ‘மீயொலி’ என்று எழுதியாகிவிட்டது. மீயொலி, மீளொலி: கண்ணே வழுக்குகிறது, காது எம்மாத்திரம்? இங்கே பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் அம்மா வாய்விட்டுப் படிக்க, கன்னட மீடியத்தில் படித்த மகள் கேட்டுப் புரிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. எனக்குக் காதுதான் முதல் சோதனை.

> அப்படியானால் ‘மங்கல் திட்டு’?

ஸ்கேன் அறையில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: “கறுப்பு கறுப்பா தெரியுது.” ஆனால் கன்னத்துச் சுரப்பியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மங்கல் திட்டு என்றால், முகத்தில் விழும் மங்கு என்று நினைத்து யாராவது களிம்பு வாங்கப் போய்விடுவார்கள். தவிர, நிறம் காரணத்தைச் சொல்லாது. ஷோகிரன் நோயில் உடலின் தடுப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது. சீராக இருந்த திசு மாறிப்போகிறது. மாறிய இடத்திலிருந்து ஒலி குறைவாகத் திரும்புவதால்தான் படம் அங்கே கறுக்கிறது.

அதனால் எல்லோருக்கும் தெரிந்த எதிரொலியையே வைத்துக்கொள்வோம்: ‘எதிரொலி மெலிந்த திட்டு’. அறவே இல்லாவிட்டால் ‘எதிரொலி அற்ற’, கூடினால் ‘எதிரொலி மிகுந்த’. குடும்பமாக நிற்கும். சுரப்பி எவ்வளவு மாறியிருக்கிறது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறையில் மெலிந்ததையும் அற்றதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அங்கங்கே இருந்தால் 2, சுரப்பி முழுக்கப் பரவியிருந்தால் 3. ‘குற்றொலி’ என்று சுருக்க எனக்கும் ஆசைதான். குற்றியலுகரம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அப்புறம், தலைப்பை ‘நோயை உறுதிசெய்யும் ஸ்கேன்’ என்று திருத்தியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுகிறேன். ஒருவருக்கு ஷோகிரன் என்று வகைப்படுத்தப் புள்ளி போடும் 2016 வகைப்பாட்டில், ரத்தத்தில் ரோ எதிர்ப்பொருள் (உடலின் சொந்தப் புரதமான ‘ரோ’வையே எதிர்ப்பது) இருந்தால் 3 புள்ளி, உதட்டுத் திசுச் சோதனைக்கு 3 புள்ளி. ஸ்கேனுக்கு ஒன்றும் இல்லை. ‘துணைச் சோதனை’ போதும்.

பாக்கி இருப்பது பரோட்டிட். கன்னச் சுரப்பியா, செவியடிச் சுரப்பியா? “பொன்னுக்கு வீங்கி வர்ற இடம்னு எழுதேன், யாருக்குத் தெரியாது?” என்கிறார் என் அம்மா. அடைப்புக்குறிக்குள் அதையும் சேர்த்துவிடலாமா ஐயா?