சேர்வர் தொடங்கேக்க எஸ்எஸ்எல் சாவி தானா உருவாகிறதில சிக்கல்

கொக்குவில்_கோடர்:
நோட் சேர்வர் தொடங்கேக்க ஓபன்எஸ்எஸ்எல் எண்ட கருவியால புதுச் சாவியும் சான்றிதழும் உருவாக்கிற ஸ்கிரிப்ட் ஓடுது. சான்றிதழில பெயர் போடுற இடமான காமன் நேமில லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) எண்டு இருக்கு. ஆனா ரீஸ்டார்ட் பண்ணினா குரோம் திரும்பவும் எச்சரிக்குது. போனில கணினியின்ர ஐபி 192.168.1.20 எண்டு திறந்தாலும் அதே கதை. எங்க பிழை?

நல்லூர்_நெட்:
ரெண்டு பிழை. சான்றிதழ் ஒவ்வொருக்காவும் மாறினா, முதல் குடுத்த விதிவிலக்கு செல்லாது. சான்றிதழ் ஃபைல் இல்லாட்டி, அல்லது காலாவதியானா மட்டும் உருவாக்குங்கோ. மற்றது, குரோம் 58இல இருந்து (2017) காமன் நேமைப் பார்க்கிறதே இல்லை. சப்ஜெக்ட் ஆல்ட் நேமில (சான்றிதழ் செல்லுபடியாகிற முகவரிகளின்ர பட்டியல்) லோக்கல்ஹோஸ்டை டிஎன்எஸ் பெயராயும், 127.0.0.1, 192.168.1.20 ரெண்டையும் ஐபி வகையாயும் போடவேணும். ஐபியை டிஎன்எஸ் எண்டு போட்டு மண்டையை உடைக்கிற ஆக்கள் கனபேர்! ரவுட்டர் ஐபியை மாத்தினாலும் பிழைக்கும். அங்க அதை நிலையாக்கி விடுங்கோ.

பருத்தித்துறை_பைட்:
எம்கேசெர்ட் எண்ட, உள்ளூர் சோதனைக்குச் சான்றிதழ் செய்யிற கருவியைப் பாவிச்சா எச்சரிக்கையே வராது. ஒருக்கா நிறுவல் கட்டளை குடுத்தா மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு ஒப்பமிடுறது) கணினியின்ர நம்பிக்கைப் பட்டியலில ஏறும். லினக்ஸில ஃபயர்பாக்ஸுக்கு செர்ட்யூட்டில் எண்ட கருவியும் வேணும். போனுக்கு மூலச் சான்றிதழை மட்டும் அனுப்புங்கோ, அதின்ர சாவியை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது: அது கையில இருந்தா எந்தத் தளத்தின்ர பேரிலயும் உங்களை ஏமாத்தலாம். ஐபோனில நிறுவினாப் பிறகு, ‘அபவுட்’ பக்கத்தில முழு நம்பிக்கையையும் தனியா ஒன் பண்ணவேணும்.

நல்லூர்_நெட்:
சாவி ஃபைலுக்கு அனுமதி 600 (சொந்தக்காரர் மட்டும் வாசிக்க, எழுதலாம்). கிட்இக்னோரிலயும் (கிட்டில ஏறக்கூடாத ஃபைல்களின்ர பட்டியல்) சேருங்கோ.