அம்மாவின் ஈரல் நோய்: எப்போது உடனே கொண்டு போக வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அம்மாவுக்கு வயது 62, கனகாலமாக நீரிழிவு, 2022இல் ஈரல் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப் போவது) என்று சொன்னார்கள். கொழுப்பு ஈரலில் இருந்து வந்தது. மதுவைத் தொட்டதே இல்லை, ஆனாலும் ஊரில் கேட்கிற முதல் கேள்வி அதுதான், அது அவரை மிகவும் நோகடிக்கிறது.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. போன மாரியில் வயிற்றில் நீர் கட்டி, கால் வீங்கியது. நீரை வெளியேற்றும் ஸ்பைரோனோலக்டோன் குளிசை தொடங்கிய பிறகு இறங்கியது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருந்ததால் புரோபிரனலோல் குளிசையும் போடுகிறார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் நிறுத்திவிட்டோம், காலையில் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுகிறோம். கீழ்காய்நெல்லி கொடுக்கச் சொல்கிறார்கள், டொக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை.

இப்போது பிரச்சினை வேறு. சில வாரங்களாகப் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், கை நடுங்குகிறது, மலச்சிக்கல் வந்தால் இன்னும் கூடுகிறது. இதுவும் ஈரல் நோயால்தான் என்று கிளினிக்கில் லக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து தந்தார்கள், நாளைக்கு இரண்டு மூன்று தரம் மலம் போகிற அளவுக்குக் கொடுக்கிறோம். தெளிந்து சமைக்கவும் வந்துவிடுவார், அப்புறம் திரும்ப மாறும். இனி எப்படிப் போகும் என்று டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிளினிக் அடுத்த மாதம்தான், இரவில் இங்கிருந்து வாகனம் பிடிப்பதும் லேசில்லை.

வீட்டில் இப்படி ஒருவரைப் பராமரித்தவர்கள் சொல்லுங்கள்: எந்த மாற்றத்தைக் கண்டதும் கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள்?