கியூபாவின் தட்டுப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: காவிரிக்கரை வாசகன்

என் தந்தை இடதுசாரி இயக்கத்தில் நெடுங்காலம் இருந்தவர். 1992இல் கியூபாவுக்குக் கோதுமை அனுப்ப இங்கே நிதி திரட்டியபோது உண்டியல் ஏந்தியதை இன்றும் பெருமையாகச் சொல்வார். அந்த நாட்டில் 2024 செப்டம்பரில் ரேஷன் ரொட்டியின் எடையை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைத்தார்கள். அடுத்த மாதமே மத்தான்சாஸிலுள்ள பெரிய அனல்மின் நிலையம் நின்றுபோக, நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. எல்லாம் அமெரிக்காவின் வணிகத் தடையால் வந்த வினை என்கிறார் அப்பா. சோஷலிசம் என்றாலே இதுதான் கதி என்கிறார் என் அலுவலக நண்பர். இருவர் சொல்வதும் எனக்குப் பாதிக் கதையாகவே படுகிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மாலுமி

தடையை வெறும் சாக்கு என்று ஒதுக்குவோர் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. 1962இல் கென்னடி முழுத்தடை விதித்ததோடு அது முடியவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கியூபத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கப்பல் அடுத்த 180 நாள்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது என்பதால், எந்தக் கப்பல் நிறுவனமும் அங்கே போகக் கூடுதல் கட்டணம் கேட்கும். 2000க்குப் பிறகு அமெரிக்கக் கோழி இறைச்சியை வாங்க முடிகிறது. ஆனால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், கடன் கிடையாது. 2021 ஜனவரியில் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் கியூபாவை அமெரிக்கா மீண்டும் சேர்த்த பின், மூன்றாம் நாட்டு வங்கிகளும் அதனோடு வரவு செலவு வைக்கத் தயங்குகின்றன.

பதில்: களத்துமேடு

மாலுமி ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் பழியை மொத்தமாக ஒருவர் தலையில் கட்டாமல், பொருள் பொருளாகக் கேட்டுப் பார்ப்பதே முறை. மாட்டிறைச்சி ஏன் இல்லை? 2021 வரை கியூப விவசாயி தான் வளர்த்த மாட்டைத் தானே அறுத்து விற்கச் சட்டம் இடம் தரவில்லை, மீறினால் சிறை. இந்தச் சட்டத்தை இயற்றியது வாஷிங்டன் அல்ல. காய்கறி ஏன் இல்லை? விளைச்சலில் பெரும்பங்கை ‘அகோப்பியோ’ என்ற அரசுக் கொள்முதல் அமைப்பிடம் அது வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். லாரி வர நாளானால் தக்காளி வயலிலேயே அழுகும், வந்தாலும் பணம் கைக்கு வர மாதங்களாகும். இப்படித் தரிசான நிலத்தில் ‘மராபு’ என்ற முள் புதர் மண்டிக்கிடக்கிறது. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்க் காட்டில் ஆடு காய் தின்னும் விடத்தேரைதான்.

1968இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கடைகளையும் பட்டறைகளையும், தெருவோரத் தின்பண்டக் கடை உட்பட, அரசு எடுத்துக்கொண்டதும் தானாக விரும்பிச் செய்ததே. இதை எதிரிகள் மட்டும் சொல்லவில்லை. 2009 ஜூலை 26 அன்று ஒல்கீன் நகரில் அன்றைய கியூப அதிபர் ராவுல் காஸ்ட்ரோவே, ஏகாதிபத்தியம் ஒழிக என்றும் தடை நம்மை வாட்டுகிறது என்றும் முழங்கிப் பயனில்லை, நிலம் நம் வியர்வைக்காகக் காத்துக்கிடக்கிறது என்ற பொருள்படப் பேசினார்.

பதில்: பழைய கணக்குப்பிள்ளை

ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். முதலில் சோவியத் ஒன்றியம், பிறகு வெனிசுவேலா என்று எப்போதும் ஒரு புரவலரை நம்பியே அந்தப் பொருளாதாரம் நின்றது. சோவியத் சரிந்ததும் 1990க்கும் 1993க்கும் இடையில் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தடை அன்று புதிதாக வந்ததல்ல. 1989இல் சுமார் 80 லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாடு 2023இல் 4 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. மின் நிலையங்கள் துருப்பிடித்துக் கிடக்கையில், பயணிகள் குறைந்த பின்பும் ஹவானாவில் ஆடம்பர விடுதிகளைக் கட்டிக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை.

கேட்டவர்: காவிரிக்கரை வாசகன்

அனைவருக்கும் நன்றி. ராவுலின் பேச்சைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், மாட்டுச் சட்டம் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, அந்த 180 நாள் விதியை உன் நண்பரிடம் சொன்னாயா என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை.