அந்தோரா: பிரான்ஸ் அதிபர் இன்னொரு நாட்டுக்கு இளவரசர் ஆனது எப்படி?

மலைத்தேன்:
பிரனீஸ் மலைக்குள் 468 சதுர கிலோமீட்டர்தான் அந்தோரா. அதற்கு இரண்டு இணை இளவரசர்கள்: ஸ்பெயினில் உள்ள உர்ஜெல் ஆயர், பிரான்ஸ் அதிபர். எங்கே படித்தாலும் ‘1278 ஒப்பந்தம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் என்னதான் எழுதியிருந்தது? ஆயரோடு கையெழுத்துப் போட்டவர் தென்பிரான்சின் ஃபுவா பகுதியை ஆண்ட பிரபு. அவர் இடத்துக்குப் பிரான்ஸ் எப்படி வந்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மன்னராட்சியையே ஒழித்தவர்கள் இதை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?

சுவடிக்கட்டு:
அதை நாடு பிறந்த சாசனமாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது வரும்படியைப் பங்கு பிரித்த பத்திரம்.

நிலம் ஆயருடையது. அவர் அதைக் கபோயெட் குடும்பத்தின் பொறுப்பில் விட்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் காஸ்டெல்போ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அவர் மகள் எர்மெசெண்டா 1208இல் ஃபுவா வம்சத்துக்கு மருமகளானார். இரண்டே திருமணங்களில், ஆயருக்கு அடங்கியிருந்த சின்னக் குடும்பத்தின் உரிமை படைபலம் மிக்க பிரபுவின் கைக்குப் போய்விட்டது. சண்டை மூண்டது. அரகான் மன்னர் மூன்றாம் பீட்டர் நடுவில் நின்று, 1278 செப்டம்பர் 8 அன்று லெய்தாவில் உடன்படிக்கை ஆனது.

திறை ஓராண்டு பிரபுவுக்கு, மறு ஆண்டு ஆயருக்கு. பிரபு தன் ஆண்டில் எவ்வளவும் கேட்கலாம். ஆயருக்கு 4,000 சூ (அக்கால நாணயம்) உச்சவரம்பு. நீதிமன்ற வருமானத்தில் முக்கால் பங்கு பிரபுவுக்கு, கால் பங்கு ஆயருக்கு. இருவரும் படைக்கு ஆள் எடுக்கலாம், ஒருவர்மேல் ஒருவர் ஏவக் கூடாது. பணத்தில் விட்டுக்கொடுத்த ஆயர், பிரபு தனக்குக் கீழ்ப்பட்டே அந்தோராவை வைத்திருக்கிறார் என்பதை எழுதி வாங்கிக்கொண்டார். நல்ல பேரம்தான்! பத்தே ஆண்டில் கோட்டை கட்டுவதில் தகராறு வர, 1288இல் இரண்டாம் ஒப்பந்தம்: இருவர் சம்மதமும் இல்லாமல் அங்கே கோட்டை எழுப்பக் கூடாது.

எல்லைக்கல்:
மீதிக் கேள்விகளுக்கு. ஃபுவா வம்சம் திருமண உறவால், பிரனீஸ் பகுதியில் இருந்த சிறிய நாடான நவாரின் அரியணை ஏறியது. நவார் மன்னர் ஹென்றி 1589இல் பிரான்சின் நான்காம் ஹென்றி ஆனார். அப்போதுகூட அந்தோரா அவருடைய சொந்தக் குடும்பச் சொத்துதான். 1607இல் தன் பரம்பரை உடைமைகளைப் பிரெஞ்சு மகுடத்தோடு அவர் இணைத்த பிறகே அது ஆளோடு போகாமல் பதவியோடு ஒட்டிக்கொண்டது. பலரும் தாவிவிடும் இடம் இது.

புரட்சி விட்டுவைக்கவில்லை. நிலப்பிரபுத்துவ மிச்சம் என்று சொல்லி 1793இல் திறையை வாங்க மறுத்தது. அதை மறுபடி வாங்கிக்கொள்ளும்படி கேட்டவர்கள் அந்தோரர்களே! திறை கொடுத்தவரை, பிரான்சிலிருந்து தானியமும் கால்நடையும் வரிச் சலுகையோடு கொண்டுவர முடிந்தது. பிரெஞ்சுப் பக்கம் ஆளில்லாவிட்டால் ஸ்பெயின் பக்கத்து ஆயரை மட்டும் நம்பி நிற்க வேண்டும் என்ற கவலையும் இருந்தது. 1806இல் நெப்போலியன் ஆணையிட்டுப் பழைய உறவைப் புதுப்பித்தார். ஆனால் 1812இல் அவரே அந்தோராவைப் பிரான்சோடு இணைத்தார், அது நிலைக்கவில்லை.

மலைத்தேன்:
நன்றி. அந்தத் திறை இன்னும் நடக்கிறதா? அதிபர் மறுத்தால் அங்கே சட்டம் நின்றுபோகுமா?

சுவடிக்கட்டு:
திறை 1993இல் நின்றது. அதுவரை ஒற்றைப்படை ஆண்டில் பிரான்சுக்கு 960 பிராங்க். இரட்டைப்படை ஆண்டில் ஆயருக்கு 460 பெசேட்டா, கூடவே பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, சேவல். பணத்தைவிட இந்தச் சீர்வரிசைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

1993 மார்ச் 14 வாக்கெடுப்பில் ஏற்ற அரசியல் சாசனப்படி இறையாண்மை மக்களுடையது. சட்டத்தில் ஓர் இணை இளவரசர் கையெழுத்திட இயலாமல் போனால், உரிய கெடுவுக்குப் பிறகு மற்றவர் கையெழுத்தும் ஆட்சித் தலைவரின் மேலொப்பமும் போதும். ஒருவரால் மட்டும் முடக்க முடியாது.